க்வெஸ்ட் இல்லாமல் டன்ஜனுக்குள் இறங்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

மே மாத லீவு விட்டால் அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேரும் குடியாத்தத்திலிருந்து எங்கள் காட்பாடி வீட்டுக்கு வந்துவிடுவார்கள். மேல்வீட்டுப் பையனும் சேர்ந்துகொள்வான். ஒரே லேப்டாப்பில் ஸ்கைரிம், எல்டன் ரிங் என்ற இரண்டு வீடியோ கேம்களும் மாறி மாறி ஓடும். க்வெஸ்ட், அதாவது கதையில் யாராவது நமக்குக் கொடுக்கும் வேலை, அதன் அம்புக்குறி வழி காட்டும்வரை மூன்று பேரும் நன்றாகவே ஆடுவார்கள். மலையோரம் ஒரு குகை வாய் தெரிந்து, "சும்மா உள்ளே போய்ப் பார்க்கலாம்" என்று இறங்கிய பிறகுதான் தடுமாற்றம். மூன்று பேரும் தடுமாறிய இடங்கள் ஏறக்குறைய ஒன்றேதான்.

யாரும் அனுப்பாமல், உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாமல், கண்ணில் பட்ட டன்ஜனுக்குள், அதாவது கல்லறைக்குள்ளோ சுரங்கத்துக்குள்ளோ நுழைவதற்குக் கைவேகத்தைவிட வரிசை முக்கியம். எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் தொடுவது என்ற வரிசை. கீழே இருப்பது நான் கடைப்பிடிக்கும் வரிசை.

அதற்கு முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். "க்வெஸ்ட் வாங்காம போனா கதை கெட்டுப் போயிடாதா அத்தே?" என்று மூன்று பேருமே கேட்டார்கள். கெடாது. ஸ்கைரிமில் ரிவர்வுட் கிராமத்துக்கு மேலே இருக்கும் பிளீக் ஃபால்ஸ் பாரோவுக்குள் யாரிடமும் பேசாமல் போகலாம். அங்கே திருடனிடம் இருக்கும் தங்க நகத்தை எடுத்துவந்து ரிவர்வுட் கடைக்காரரிடம் காட்டினால், தன் பொருள் என்று அடையாளம் தெரிந்து வாங்கிக்கொள்வார். அதே இடத்தில் கிடைக்கும் கற்பலகையை அரண்மனை மந்திரவாதி பிறகு கேட்கும்போது, "ஏற்கெனவே என்னிடம் இருக்கிறது" என்று கொடுக்கவும் முடியும். நாம் இப்படிச் சுற்றுவோம் என்று எதிர்பார்த்துத்தான் அந்த உலகத்தைக் கட்டியிருக்கிறார்கள்.

1. உட்காரும் முன்: கரண்ட், காது, நோட்டு

வேலூர்ப் பக்கம் மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். பகல் இரண்டு மணிக்கு லேப்டாப்பை மெத்தைமேல் வைத்து ஆடினால், அடியில் காற்று போகாமல் சூடேறி, அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். படம் திக்கித் திக்கி ஓடும் அந்த நேரம் பார்த்துத்தான் கால் பொறியில் படும். விடியற்காலையோ, இரவு எட்டு மணிக்கு மேலோ உட்காருங்கள். பகலில்தான் முடியும் என்றால் பலகைமேல் வைத்து, பின்பக்கம் இரண்டு நோட்டை முட்டுக்கொடுங்கள்.

கரண்ட் போவதையும் கணக்கில் வைக்க வேண்டும். ஸ்கைரிம் ஒரு பகுதியிலிருந்து கதவு தாண்டி அடுத்த பகுதிக்குப் போகும்போது தானே சேவ் செய்யும். ஒரே பகுதிக்குள் நெடுநேரம் சுற்றினால் கடைசி சேவ் எங்கேயோ பின்னால் கிடக்கும். அதனால் ஒவ்வொரு பெரிய அறை முடிந்ததும் எஃப்5 அழுத்துங்கள். ஆனால் இந்தக் குவிக்சேவ் பழையதன்மேலேயே எழுதும். சாகும் தறுவாயில் அழுத்திவிட்டால் அந்தச் சாவுக்கே திரும்பத் திரும்ப வருவீர்கள். எனவே டன்ஜன் வாசலில் மெனுவுக்குள் போய்த் தனியாக ஒரு முழு சேவ் கட்டாயம்.

எல்டன் ரிங் அடிக்கடி தானே சேமித்துக்கொள்ளும், ஆனால் நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. மெனு திறந்திருந்தாலும் எதிரி அடித்துக்கொண்டுதான் இருப்பான். கேஸ் அடுப்பில் பால் இருக்கும்போது இறங்காதீர்கள்.

ஹெட்போன் வேண்டும். எதிரி எந்தப் பக்கம் என்பதைக் கண்ணுக்கு முன் காது சொல்லிவிடும். ஒரு கிராஃப் நோட்டும் பென்சிலும் பக்கத்தில் இருக்கட்டும். எதற்கென்று 6-வது படியில் சொல்கிறேன்.

2. வாசலிலேயே பாதி விடை இருக்கிறது

நேரே உள்ளே ஓடுவதுதான் புதியவர்களின் முதல் தவறு. வாசலைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். காவலுக்குக் கொள்ளைக்காரர்கள் நின்றால் உள்ளே அவர்கள் கூட்டம் இருக்கும். எலும்பும் ரத்தமும் சிதறிக் கிடந்தால் மிருகமோ அதைவிட மோசமானதோ இருக்கலாம். எல்டன் ரிங்கில் இடத்தின் வகையே உள்ளிருக்கும் பொருளைச் சொல்லிவிடும். சுரங்கம் என்றால் ஆயுதத்தைக் கூர்படுத்தும் கற்கள். நிலவறைக் கல்லறை என்றால் ஆவித் துணைகளை வலுப்படுத்தும் பூக்கள். சுரங்கத் தொழிலாளர்களின் உடம்பு கல் மாதிரி இறுகியிருப்பதால் வாள் தெறித்துப் போகும், சம்மட்டி மாதிரி நசுக்கும் ஆயுதம்தான் வேலை செய்யும். இது தெரியாமல் வாளோடு போய் அரைமணி நேரம் போராடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்கைரிம் ஆடுகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு டன்ஜனுக்குள் முதன்முறை கால் வைக்கும்போது உங்கள் லெவல் என்னவோ, அதை வைத்து, அந்த இடத்துக்கென்று இருக்கும் கீழ் மேல் எல்லைக்குள், அதன் கடினமும் புதையலின் தரமும் முடிவாகிவிடும். 5-வது லெவலில் கண்ணில் பட்ட ஒவ்வொரு குகையையும் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்தால், பிறகு 30-வது லெவலில் போகும்போது அவற்றில் பலவும் சப்பென்று இருக்கும். எட்டிப் பார்ப்பதென்றால் வெளியிலிருந்து பாருங்கள். உள்ளே போனால் முடிக்கும் எண்ணத்தோடு போங்கள்.

க்வெஸ்ட் மார்க்கரை அணைக்க வேண்டிய இடமும் இந்த வாசல்தான். அம்புக்குறி ஒன்று திரையில் இருந்தால் கண் அதையேதான் பார்க்கும், சுவரைப் பார்க்காது.

3. மூட்டையை இறக்குங்கள்

ஸ்கைரிமில் தொடக்கத்தில் சுமக்கும் அளவு 300. லெவல் ஏறும்போது ஸ்டாமினாவைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு முறையும் 5 கூடும். அளவு தாண்டினால் ஓடவும் முடியாது, மேப்பைத் தொட்டு வேறு இடத்துக்குத் தாவும் ஃபாஸ்ட் டிராவலும் கிடையாது. பாதி மூட்டையாவது காலியாக இருந்தால்தான் உள்ளே போகலாம் என்பது என் கணக்கு.

அண்ணன் மகன் முதல் அறையிலேயே இரும்புத் தொப்பி, இரும்புக் கேடயம், கிழிந்த செருப்பு என்று கிடைத்ததையெல்லாம் வாரிக்கொள்வான். நான்காவது அறையில் நல்ல கவசம் கிடைக்கும்போது இடம் இருக்காது. அப்போது இன்வென்டரியைத் திறந்து எதைப் போடுவது என்று உட்கார்ந்துவிடுவான். அவனுக்குச் சொன்ன விதி இது: பொருளின் விலையை எடையால் வகுங்கள், 10-க்குக் கீழே வந்தால் தொடாதீர்கள். 60 தங்கம் பெறும் 12 எடைக் கவசம் 5 தான், அதை விட்டுவிடலாம். மோதிரம், கழுத்தணி, மந்திரச் சுருள் எல்லாம் எப்போதும் எடுக்கலாம்.

கொண்டுபோக வேண்டியவை: பூட்டுத் திறக்கும் ஊசிகள், இரண்டு மூன்று பந்தம், உயிர் ஏற்றும் போஷன். இவற்றை ஃபேவரிட்டில் போட்டு வையுங்கள். அடி வாங்கும்போது மெனுவில் தேடிக்கொண்டிருந்தால் நிதானம் போய்விடும்.

4. எங்கே திரும்புவது என்பதை வெளியிலேயே முடிவு செய்யுங்கள்

எல்லாப் படிகளிலும் புதியவர்கள் தாண்டிவிடுவது இதைத்தான். எனக்கு மிக முக்கியமானதும் இதுதான். உள்ளே போனபிறகு யாருக்கும் திரும்ப மனசு வராது. "இன்னும் ஒரே ஒரு ரூம்" என்று இழுத்துக்கொண்டே போகும். ஆகவே குளிர்ந்த மூளையோடு வாசலில் நிற்கும்போதே ஓர் எல்லை வையுங்கள். போஷனில் பாதி தீர்ந்தால் திரும்புவேன், அவ்வளவுதான். ஏன் பாதி? திரும்பும் வழியும் வழிதான். ஸ்கைரிமில் கீழே சாய்த்த காவலாளிக்குப் பதில் ஒரு சவப்பெட்டி உங்கள் முதுகுக்குப் பின்னால் திறந்திருக்கலாம்.

எல்டன் ரிங்கில் போஷனுக்குப் பதில் குடுவைகள், தொடக்கத்தில் மொத்தமே 4 தான். இரண்டு காலியானால் எல்லை வந்துவிட்டது. அந்த விளையாட்டில் செத்தால் கையிலிருக்கும் ரூன்கள் (அங்கே காசு அதுதான்) முழுவதும் செத்த இடத்தில் விழும். அவற்றை எடுக்கப் போகும் வழியில் இன்னொரு முறை செத்தால் நிரந்தரமாகப் போய்விடும். எனவே இறங்கும் முன் ரூன்களைச் செலவழித்துவிடுங்கள், லெவல் ஏற்றுங்கள், ஆயுதத்தைக் கூர்படுத்துங்கள். கையில் ஒன்றும் இல்லாதவனுக்கு இருட்டில் பயம் குறைவு.

5. உள்ளே முதல் 10 விநாடி

நில்லுங்கள், அசையாதீர்கள்.

கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு மத்தியான வெயிலில் போனவர்களுக்குத் தெரியும். கொதிக்கும் கல்தரையில் ஓடிவந்து நிழலுக்குள் நுழைந்ததும் ஒன்றும் தெரியாது. கொஞ்சம் நின்றால்தான் தூண், படி, விளக்கு என்று ஒவ்வொன்றாகத் துலங்கும். டன்ஜனிலும் நின்றால்தான் தெரியும். விளையாட்டின் வெளிச்சம் சரியாகும், காதும் சரியாகும். இழுத்து இழுத்து நடக்கும் காலடி இருந்தால் ட்ராகர் என்ற நடமாடும் பிணம் எழுந்து உலவுகிறது. தண்ணீர்ச் சத்தம் இருந்தால் கீழே இன்னொரு தளம் இருக்க வாய்ப்பு உண்டு. பேச்சுக்குரல் கேட்டால் முழுதாகக் கேளுங்கள். கொள்ளைக்காரர்கள் தங்களுக்குள் பேசுவதிலேயே உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பல நேரம் வந்துவிடும்.

அடுத்தது வெளிச்சம். ஸ்கைரிமில் பந்தம் ஏற்றினால் நமக்குத் தெரிவது போலவே நாமும் மற்றவர்களுக்குத் தெரிவோம். பதுங்கிப் போவதென்றால் ஏற்றாதீர்கள். எல்டன் ரிங்கில் பந்தம் ஒரு கையை அடைத்துக்கொள்ளும். இடுப்பில் தொங்கும் லாந்தர் 1,800 ரூனுக்குக் கிடைக்கும். அது கிடைத்த நாளிலிருந்து இரண்டு கையும் உங்களுடையது. டியர்ஸ் ஆஃப் தி கிங்டம் என்ற இன்னொரு கேம் ஆடுகிறவர்கள் பாதாளத்தில் இறங்கினால், காலடி எடுத்து வைக்கும் முன் ஒளி விதையை எறிந்து தரையைப் பாருங்கள். அங்கே தரையில் படிந்திருக்கும் கரிய நஞ்சை மிதித்தால் இதயங்களே உடைந்து போகும், சாதாரணச் சாப்பாட்டில் அது திரும்பாது.

6. வலம் வாருங்கள்

கோயில் பிராகாரத்தில் சுற்றும்போது சந்நிதி எப்போதும் நம் வலக்கைப் பக்கம். டன்ஜனிலும் அதே பழக்கம்தான்: வலக்கையைச் சுவரில் வைத்தது போல, வலப்பக்கச் சுவரை விடாமல் நடங்கள். கிளைவழி வந்தால் வலப்பக்கம் திரும்புங்கள். முட்டுச்சந்து வந்தாலும் சுவரை விடாமல் சுற்றி வாருங்கள். ஒட்டிய சுவர்களால் ஆன இடம் என்றால், இப்படியே போனால் எந்த அறையும் விட்டுப்போகாது, கடைசியில் நுழைந்த வாசலுக்கே வந்துவிடுவீர்கள். நடுவழியில் திரும்ப நேர்ந்தால், அதே சுவர் இப்போது இடப்பக்கம் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டே வெளியே வரலாம்.

இந்த முறை மூன்று இடத்தில் கைவிடும். அறை நடுவில் தனியாக நிற்கும் மேடையோ தூண்கூட்டமோ இருந்தால் சுவரோடு போகிறவர் அதைப் பார்க்க மாட்டார். கீழே குதித்தால் திரும்ப ஏற முடியாத பள்ளம் இருந்தால் சுவர் அறுந்துவிடும். தலைக்குமேல் பாலம் போனால் அது வேறு தளம். இந்த மூன்றையும் கண்டால் நோட்டை எடுங்கள்.

எல்டன் ரிங்கின் சிறு குகைகளுக்கும் கல்லறைகளுக்கும் உள்வரைபடம் கிடையாது. "வழி எங்க கீதுன்னே தெரில அத்தே" என்று அழாக்குறையாக நின்ற அண்ணன் மகள்தான் இப்போது எங்களில் நன்றாக வரைகிறவள். அவள் கிராஃப் நோட்டின் ஒரு பக்கம் இப்படி இருக்கும்: பக்கத்தின் அடியில் ஒரு அம்பு, அது வாசல். ஒரு கட்டம் ஓர் அறை. கட்டத்தின் ஓரத்தில் சிறு கோடு என்றால் கதவு, இரட்டைக் கோடு என்றால் பூட்டிய கதவு. பொறிக்குப் 'ப'. குதித்த இடத்தில் கீழ்நோக்கி அம்பு, பக்கத்தில் 'ஏற முடியாது'. செத்த இடத்தில் பெருக்கல் குறி. ஒரு பக்கத்தில் ஒரே கட்டத்துக்குள் ஏழு பெருக்கல் குறி, அழித்து அழித்துத் தாளே மெலிந்துபோயிருந்தது. அந்த அறையின் கதவோரச் சுவரில் ஒரு குட்டிச்சாத்தான் ஒட்டிக்கொண்டிருந்ததை எட்டாவது முறைதான் நிமிர்ந்து பார்த்தாள்.

கிளைவழிகளில் அடையாளமும் போடுங்கள். எல்டன் ரிங்கில் வானவில் கல் அதற்குத்தான். ஸ்கைரிமில் தேவையில்லாத ஒரு பொருளைத் தரையில் போடலாம். எல்டன் ரிங்கின் லேன்டெல் நிலவறை போன்ற இடத்தில் ஒரே மாதிரி அறைகள் திரும்பத் திரும்ப வந்து, 'மறுபடி அதே இடமா' என்று மயக்கும். நீங்கள் போட்ட அடையாளம் அங்கே இல்லையென்றால் அது வேறு அறை.

7. தரை, கூரை, சுவர்; அதற்கப்புறம்தான் எதிரி

அறைக்குள் நுழைந்ததும் எல்லோர் கண்ணும் பெட்டியைத்தான் தேடும். வடிவமைத்தவருக்கும் அது தெரியும். அதனால்தான் பெட்டிக்கும் உங்களுக்கும் நடுவில் பொறி இருக்கிறது. முதலில் தரையைப் பாருங்கள்: சற்றுத் தூக்கிய கல்தட்டு, குறுக்கே கட்டிய கம்பி, பளபளக்கும் எண்ணெய். பிறகு கூரை: தொங்கும் தீச்சட்டி, முட்பந்து, எலும்புத் தோரணம். எண்ணெயும் தீச்சட்டியும் ஒரே அறையில் இருந்தால் அது ஆபத்து மட்டுமில்லை, ஆயுதமும்தான். எதிரிகள் எண்ணெய்மேல் நிற்கும்போது சட்டியை அம்பால் அடித்து விழவைத்தால் மொத்தமும் எரியும். கல்தட்டும் அப்படித்தான், எதிரி மிதித்தால் அவனையும் விடாது. ஸ்கைரிமில் ஸ்னீக் (பதுங்கும் திறன்) 40 வந்ததும் லைட் ஃபுட் என்ற பெர்க் (கூடுதல் சக்தி) எடுத்தால் தட்டுகள் உங்களுக்கு மட்டும் இயங்காது.

புதிர் அறைகளில் ஒன்றையே நம்புங்கள்: விடை பெரும்பாலும் அதே அறையிலோ உங்கள் பையிலோ இருக்கும். பிளீக் ஃபால்ஸ் பாரோவின் தூண் அறையில் நமக்கு முன்னால் ஒரு கொள்ளைக்காரன் லீவரை இழுத்து, அம்பு மழையில் சாவதைக் காட்டுவார்கள். அதைப் பார்த்துவிட்டும் அண்ணன் மகன் ஓடிப்போய் அதே லீவரை இழுத்தான். கம்பிக் கதவுக்கு மேலே சுவரில் மூன்று கல்முகங்களுக்கு இடம் இருக்கும். நடுவில் இருந்தது உடைந்து கீழே கிடக்கும். மேலே இருப்பதையும் கீழே கிடப்பதையும் வரிசையாகப் படித்து, தூண்களை அதேபோல் திருப்பிவிட்டு லீவரை இழுத்தால் கதவு திறக்கும். அதே இடத்தில் கடைசியில் வரும் வட்டக் கதவுக்கு விடை, தங்க நகத்தின் உள்ளங்கையில் பொறித்திருக்கிறது. இன்வென்டரியில் அதைத் திருப்பிப் பாருங்கள். வீடியோ தேடுவதற்கு முன் ஐந்து நிமிஷம் அறையைப் பாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஐந்து நிமிஷத்துக்காகத்தானே உள்ளே வந்தோம்.

எல்டன் ரிங்கில் பெட்டியே பொறியாக இருக்கும். லிம்கிரேவ் பகுதியின் டிராகன் எரித்த இடிபாட்டில், அடித்தளப் பெட்டியைத் திறந்தால் புகை சூழ்ந்து, வெகுதொலைவில் கேலிட் பகுதியின் செல்லியா படிகச் சுரங்கத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிடும். மேல்வீட்டுப் பையன் ஆட்டம் தொடங்கிய முதல் நாளே அங்கே போய்ச் சேர்ந்தான். மேப்பைத் திறந்து தாவப் பார்த்தான், முடியவில்லை. சுரங்கத்துக்குள்ளிருந்து ஃபாஸ்ட் டிராவல் கிடையாது. மூன்று தடவை சண்டை போட்டுச் செத்தான். அங்கே மாட்டிக்கொண்டால் யாரையும் அடிக்காதீர்கள். குனிந்து, எதிரிகளின் முதுகுப் பக்கமாக நகர்ந்து வாசல்வரை வாருங்கள். வெளியே வானம் தெரிந்தவுடன் மேப் வேலை செய்யும்.

8. சண்டை

கதவைத் தாண்டி அறை நடுவில் நின்று சண்டை போடாதீர்கள். ஒருவனைச் சீண்டிவிட்டு, வந்த நடைவழிக்கே பின்வாங்குங்கள். குறுகலான இடத்தில் ஒருவர் ஒருவராகத்தான் வர முடியும். பின்வாங்கும் வழியை நீங்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டதால் அங்கே பொறி இருக்காது. இந்தப் படிக்கு இவ்வளவு போதும். முன் படிகளை ஒழுங்காகச் செய்தவர்களுக்குச் சண்டை சின்ன வேலைதான்.

9. வாரிக்கொள்வது கடைசியில்

அறை அமைதியான பிறகு முதலில் சாவி, கடிதம், நாட்குறிப்பு. கடிதத்தைப் படிக்காமல் பையில் போடாதீர்கள். அடுத்த அறையில் யார் யாரோடு சண்டையில் இருக்கிறார்கள், எந்தச் சுவருக்குப் பின்னால் என்ன என்பது அதில் இருக்கலாம். அடுத்து போஷன், பிறகுதான் கனமானவை.

ஸ்கைரிமில் பல டன்ஜன்கள் கடைசியில் ஒரு குறுக்குவழியாகத் தொடக்கத்துக்கு அருகிலேயே கொண்டுவந்து விடும். எனவே முதல் அறைகளின் கனமான பொருளைப் போகும்போது விடுங்கள், வரும்போது பார்த்துக்கொள்ளலாம். எல்டன் ரிங் கல்லறைகளில் பாஸ், அதாவது கடைசிப் பெரிய எதிரி, விழுந்ததும் வாசலுக்குத் திரும்பும் ஒளி தோன்றும். அதைத் தொடும் முன் நோட்டைப் பாருங்கள், வரையாத கட்டம் ஏதாவது மிச்சமா என்று.

டன்ஜனுக்குள் இருக்கும் பெட்டியில் உங்கள் பொருளைப் போட்டு வைக்கவே வைக்காதீர்கள். ஸ்கைரிமில் அந்த இடம் விளையாட்டுக் கணக்கில் 10 நாளில், முழுதும் முடித்திருந்தால் 30 நாளில், பழையபடி நிரம்பும். நீங்கள் வைத்தது போய்விடும். அண்ணன் மகள் சேர்த்து வைத்த மந்திர வாள் இரண்டு அப்படிப் போனதில் அன்று ராத்திரி சாப்பிடவே வரவில்லை.

10. வெளியே வந்தபின்

மேப்பில் 'கிளியர்டு' என்று வந்தால் எல்லாம் முடிந்தது என்று பொருளில்லை. உள்ளிருந்த தலைவன் விழுந்தான் என்பது மட்டும்தான். ஆகவே விற்பதை விற்றுவிட்டு, மறப்பதற்குள் நோட்டில் மூன்று வரி எழுதுங்கள்: போனபோது என்ன லெவல், எந்தப் பூட்டைத் திறக்க முடியவில்லை, எந்த அறையிலிருந்து திரும்பினோம். போன வருஷம் மே மாதப் பக்கத்தில் அண்ணன் மகள் எழுதியது: 'லெவல் 9. மூணாவது ரூம் இடது பெட்டி, மாஸ்டர் பூட்டு. ஊசி எல்லாம் உடைஞ்சிடுச்சு.' இந்த வருஷம் பையை இறக்கி வைத்ததும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் தேடி எடுத்தாள்.